25 டாலருக்குள் ஹாலோவீன் அலங்காரம் செய்ய முடியுமா?

நியூ ஜெர்சியில் வாடகை வீடொன்றில் குடியேறி, இந்த நாட்டில் தன் முதல் அக்டோபரைச் சந்திக்கவிருக்கும் ஒரு தாயார் இப்படிக் கேட்டிருக்கிறார்: அக்டோபர் 31 அன்று குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனுக்காகத் தெருவில் எல்லா வீடுகளும் எலும்புக்கூடுகளும் பேய்களுமாக நிற்கின்றன, கடையில் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது, ஏழு வயது மகளோடு சேர்ந்து 25 டாலருக்குள் வீட்டிலேயே என்னென்ன செய்யலாம்? பொருள்களின் பட்டியல் ஒன்றைக் கேட்பதுபோல் இருந்தாலும், இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. குறைந்த செலவில் செய்தது மற்ற வீடுகளுக்கு நடுவே அரைகுறையாகத் தெரிந்து, குழந்தை மனம் சுருங்கிவிடக் கூடாதே என்ற கவலைதான் அது. பட்டியல்கள் எங்கும் கிடைக்கும் என்பதால் அந்தக் கவலைக்கே முதலில் பதில் சொல்கிறேன்.

பள்ளி நாடகங்களுக்கும் நூலக நிகழ்ச்சிகளுக்கும் மேடைப் பொருள்கள் செய்து கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. அட்டை, பழைய துணி, காகிதம், கொஞ்சம் விளக்கு என்பதற்கு மேல் அந்த மேடைகளுக்கு எப்போதும் பணம் இருந்ததில்லை. அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: இருட்டில், தூரத்திலிருந்து பார்க்கப்படும் ஒரு பொருளின் விலையோ நுணுக்கமோ கண்ணில் படுவதில்லை, அதன் வெளிவடிவமும் அதன்மேல் விழும் ஒளியும்தான் படுகின்றன. எனவே உங்கள் 25 டாலரில் பெரும்பகுதியை விளக்குகளுக்கு ஒதுக்குங்கள்; உருவங்களை வீட்டில் குப்பைக்குப் போகவிருப்பவற்றிலிருந்து செய்துகொள்ளலாம்.

கடைச் சரக்கைப் பார்த்து மிரள வேண்டியதில்லை என்பதற்கு வரலாற்றிலும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்கச் சில்லறை வணிகர் கூட்டமைப்பின் மதிப்பீட்டின்படி 2023இல் இந்த ஒரு நாளுக்காக இங்கே 1,220 கோடி டாலர் செலவானது. அதில் அலங்காரத்துக்கு மட்டும் 390 கோடி. இன்று பல புல்வெளிகளில் நிற்கும் 12 அடி எலும்புக்கூட்டை ஹோம் டிப்போ என்ற கடைத்தொடர் 2020இல்தான் 299 டாலர் விலையில் அறிமுகம் செய்தது. ஆனால் ஹாலோவீனின் பழைய வழக்கம் கைவேலைதான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் அப்படியொரு கிழங்கு முகத்தின் அச்சு வார்ப்பு இருக்கிறது, இன்றைய எந்தப் பிளாஸ்டிக் முகமூடியையும்விட அது பயங்கரமானது. அந்த மக்கள் அமெரிக்காவில் குடியேறியபோது கிழங்கின் இடத்தைப் பரங்கிக்காய் பிடித்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸின் டெனிசன் நிறுவனம் க்ரேப் என்னும் தன் சுருக்கம் விழுந்த மெல்லிய காகிதத்தை விற்பதற்காக, வீட்டிலேயே ஹாலோவீன் அலங்காரம் செய்யும் முறைகளைச் சொல்லும் கையேடுகளை வெளியிட்டுவந்தது. ஆகவே காகிதமும் கத்தரிக்கோலுமாக உட்கார்வதுதான் இந்த விழாவின் மைய மரபு.

எந்த வெளிச்சத்தில் பார்க்கப்படும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் கோடைக்கால நேரம் 2007 முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீடிப்பதால், அக்டோபர் 31 அன்று உங்கள் பகுதியில் சூரியன் மறைவது ஏறத்தாழ மாலை 6 மணிக்கு. கையைப் பிடித்துக்கொண்டு வரும் சிறு குழந்தைகள் பெரும்பாலும் அதற்கு முன்பே, பகல் வெளிச்சத்திலேயே வந்து போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் இருட்டிய பிறகு கூட்டமாக வருவார்கள். எனவே வாசற்படியருகே, கிட்ட நின்று பார்க்கும் ஒன்றிரண்டு சிரிப்பூட்டும் பொருள்களும், சன்னலில் தெருவிலிருந்து பார்க்கும் ஒரு பெரிய இருட்டுக் காட்சியும் இருந்தால் இரு தரப்புக்கும் போதும்.

நான் ஒன்றே ஒன்றுதான் செய்யச் சொல்ல வேண்டுமென்றால் சன்னல் நிழலுருவத்தைச் சொல்வேன். தெருவைப் பார்த்த சன்னலின் அளவை எடுத்து, வீடு மாறியபோது வந்த பெரிய அட்டைப்பெட்டிகளை அந்த அளவுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். மகளைச் சுவரோரம் பக்கவாட்டில் நிற்கவைத்து, எதிரே ஒரு விளக்கை வைத்தால் அவளுடைய நிழல் சுவரில் விழும். அங்கே அட்டையைச் சாய்த்து அந்த நிழலின் விளிம்பைச் சாக்கட்டியால் வரைந்துவிடலாம். விளக்கை அவளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நிழல் பெரிதாகும், தள்ளி வைத்தால் அவளுடைய அளவுக்கு நெருங்கிவரும். தலையில் கூம்புத் தொப்பியும், நீட்டிய விரல்களில் நீளமான காகித நகங்களும் சேர்த்துவிட்டால் சூனியக்காரி ஆயத்தம். வரையத் தெரியாது என்பவர்களுக்கும் இது கைகூடும். தன் உருவமே சன்னலில் பேயாக நிற்பதைப் பார்க்கும் குழந்தைக்கு வேறு கடைப்பொருள் தேவைப்படாது.

வெட்டும்போது இரண்டு விதிகளை மனத்தில் வையுங்கள். கைகள், கால்கள், வால் ஆகியவை உடலோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் வரும் ஒளிதான் உருவத்தை அடையாளம் காட்டுகிறது. பூனையென்றால் நேர்முகமாக அல்லாமல் முதுகை வளைத்து நிற்கும் பக்கத் தோற்றமே தேவை. அடுத்தது, இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவான எந்த நுணுக்கமும் தெருவிலிருந்து தெரியாது. மெல்லிய மீசை மயிருக்காக உழைக்க வேண்டாம். பின்னாலிருந்து ஒளி வரும்போது பழுப்பு அட்டையும் கறுப்பாகவே தெரியும் என்பதால் இரவுக்கு வண்ணம் பூசத் தேவையில்லை. பகலிலும் அழகாகத் தெரிய வேண்டுமென்றால் மட்டும் வெளிப்பக்கத்தில் கறுப்பு அக்ரிலிக் பூசுங்கள். உருவத்துக்குப் பின்னால் சன்னல் முழுவதையும் ஆரஞ்சு நிற டிஷ்யூ காகிதத்தாலோ, மெல்லிய வெள்ளை ஷவர் திரையாலோ மூடி, அதற்கும் சில அடி பின்னால் ஒரு எல்.இ.டி விளக்கை வையுங்கள். விளக்கைக் காகிதத்தை ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் கண்ணைக் கூசும், ஓரங்கள் இருண்டுவிடும். தள்ளி வைத்தால் ஒளி சீராகப் பரவும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது துணிப் பேய். சீஸ்க்ளாத் என்று மளிகைக் கடையில் கிடைக்கும் கண்ணறைத் துணியோ, கிழிந்த மெல்லிய படுக்கை விரிப்போ போதும். ஒரு கோப்பை தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோளமாவை (இங்கே கடையில் கார்ன்ஸ்டார்ச்) கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கண்ணாடிபோல் ஆகும் வரை கிளறினால் கஞ்சி கிடைக்கும். பருத்திப் புடவைக்குப் போடுவதைவிட இது நன்றாகக் கெட்டியாக இருக்க வேண்டும். ஆறிய கஞ்சியில் துணியை நனைத்துப் பிழிந்து, ஊதிய பலூன் ஒன்றைத் தலையாகப் பொருத்திய உயரமான பாட்டிலின் மேல் போர்த்தி, இருபுறமும் கம்பியை வளைத்துக் கைகளாக்கி, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தால் தரையில் ஒட்டாது. முழுவதும் காய்ந்தபின் பலூனை உடைத்துப் பாட்டிலை உருவினால் உள்ளே யாருமில்லாத ஓர் உருவம் நிற்கும். அதை மீன்பிடி நரம்பில் கட்டித் தொங்கவிட்டு, கீழேயிருந்து சிறிய விளக்கொன்றை மேல்நோக்கிக் காட்டுங்கள். நாம் பழகிய முகங்களுக்கெல்லாம் மேலிருந்தே வெளிச்சம் விழுவதால், கீழிருந்து வரும் ஒளி எந்த முகத்தையும் அந்நியமாக்கிவிடுகிறது. கஞ்சிக்குப் பதிலாக வெள்ளைப் பசையையும் தண்ணீரையும் சம அளவில் கலந்தும் செய்யலாம், அதற்குச் சற்றுக் கூடுதல் செலவாகும். எதில் செய்தாலும் மழையில் நனைந்தால் தொய்ந்துவிடும் என்பது உறுதி, ஆகவே இதைக் கூரையுள்ள வாசலிலோ வீட்டுக்குள்ளோதான் வைக்க வேண்டும்.

மழையைத் தாங்குவதற்குப் பால் கேன்கள் இருக்கின்றன. ஒரு கேலன் பால் வரும் பால்வண்ணப் பிளாஸ்டிக் கேன் ஒளியை அழகாகப் பரப்பும். சோப்பு வெந்நீரில் நன்றாகக் கழுவி (இல்லையென்றால் நான்காம் நாள் புளித்த வாடை வரும்), அழியாத கறுப்பு மார்க்கரால் கண்ணும் வாயும் வரைந்து, பின்பக்கம் ஒரு துளையிட்டு, உள்ளே இரண்டு கைப்பிடி கூழாங்கற்களைப் போட்டால் காற்றுக்கு உருளாது. ஐந்தாறு கேன்களை நடைபாதையோரம் வரிசையாக வைத்து, வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்று குறிக்கப்பட்ட ஒரே எல்.இ.டி சரத்தை எல்லாவற்றுக்குள்ளும் நுழைத்துவிடலாம். இந்த வேலையில் உங்கள் மகளுக்குப் பெரும்பங்கு கொடுங்கள்; ஏழு வயதுக் கை வரையும் கோணல் முகங்கள் நாம் திருத்தமாக வரைவதைவிட நன்றாக இருக்கும். கழிப்பறைக் காகிதம் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழாய்களில் சாய்வான கண்களை வெட்டி, உள்ளே ஒளிரும் குச்சிகளைப் போட்டுப் புதரில் செருகுவது இன்னொரு எளிய வழி. அந்தக் குச்சிகளுக்குள் நடப்பது ஒரு வேதிவினை. மடக்கிய நிமிடத்திலிருந்து ஒளி குறையத் தொடங்கிவிடும், குளிரில் மேலும் மங்கலாக எரியும். எனவே 6 மணிக்கு முன் மடக்க வேண்டாம். குழந்தை அதைக் கடித்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் திரவம் வாயையும் கண்ணையும் எரியவைக்கும்.

இனிப் பரங்கிக்காய். செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய காய்கள் பெரும்பாலும் ஹௌடன் போன்ற வகைகள். உருவத்துக்காகவும் உறுதியான காம்புக்காகவும் வளர்க்கப்படுபவை, நார் மிகுந்து நீர்த்திருக்கும் அந்தச் சதையில் கூட்டுக்கறி செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். சமையலுக்குச் சிறிய இனிப்பு வகையைத் தனியாக வாங்குங்கள். செதுக்கும் காயைத் தேர்ந்தெடுக்கும்போது காம்பு பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கிறதா, அடி தட்டையாக உட்காருகிறதா, எங்காவது விரலுக்கு மெத்தென்று அமுங்குகிறதா என்று பாருங்கள். செதுக்காத காய் குளிர்ந்த நிழலில் ஒரு மாதத்துக்கு மேலும் இருக்கும். செதுக்கியது மூன்று முதல் ஐந்து நாள், நல்ல குளிரில் ஒரு வாரம், அவ்வளவுதான். வெட்டிய பரப்பில் நீர் வற்றிச் சுருங்குவதும், ஈரமான உட்புறத்தில் பூஞ்சை பிடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஆகவே அக்டோபர் 28, 29 வாக்கில் செதுக்கினால் போதும். மாதத் தொடக்கத்தில் வாங்குபவர் அதுவரை வாசலில் முழுக்காயாகவே வைத்திருக்கலாம்.

பரங்கிக்காய் கெடாமலிருக்க இணையத்தில் பல வைத்தியங்கள் உலவுகின்றன. ஒரு கேலன் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி மணமில்லாத ப்ளீச் கலந்து உட்புறத்தைக் கழுவினால் பூஞ்சை சற்றுத் தாமதமாகும் என்பதை நம்பலாம், கிருமிநாசினியின் வேலையே அதுதான். வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தையும் அதனோடு கலந்துவிடக் கூடாது. வெட்டு விளிம்பில் வாசலைன் தடவுவது நீர் வற்றுவதைக் குறைக்கும், ஆனால் உள்ளே ஏற்கெனவே தங்கிய பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. தலைமுடிக்கான ஹேர்ஸ்ப்ரேயைக் காயின்மேல் அடிக்கச் சொல்வது எளிதில் தீப்பற்றும் பொருளை விளக்கருகே கொண்டுபோவது, அதை விட்டுவிடுங்கள். அணில் வராமலிருக்க மிளகாய்த்தூள் தூவுவதைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை ஒரு மழைக்குப் பிறகு அணில் தயங்குவதில்லை. மூடியை மேலே வெட்டுவதா, அடியில் வெட்டுவதா என்பதும் முடியாத வழக்கு. அடியில் வெட்டினால் மேற்புறம் உள்ளே சரியாது, விளக்கின் மேல் காயைக் கவிழ்ப்பதும் சுலபம். மேலே வெட்டினால் காம்பே கைப்பிடியாகிறது. நான் அடியில்தான் வெட்டுகிறேன்.

கருவியைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சமையலறைப் பெரிய கத்தி வேண்டாம். அது தோலில் சிக்கி, அழுத்தும்போது திடீரென்று வழுக்கும். பரங்கிக்காய் செதுக்கும் தொகுப்பில் சில டாலருக்குக் கிடைக்கும் பல்வைத்த சிறு ரம்பமே போதுமானது, மெதுவாக முன்னும் பின்னும் இழுத்தாலே அறுக்கும். முகம் வரும் பக்கத்தின் சுவரை உள்ளிருந்து கரண்டியால் சுரண்டி ஓர் அங்குலக் கனத்துக்குக் கொண்டுவந்தால் வெட்டுவதும் சுலபம், ஒளியும் நன்றாக வெளிவரும். வரைவதும் விதை எடுப்பதும் குழந்தைக்கு, அறுப்பது பெரியவருக்கு என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். விதைகளைக் கழுவித் துடைத்து, எண்ணெய், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்து ஓவனில் வறுத்தால் அன்று மாலைத் தேநீருக்குத் துணையாகும். அறுப்பதே வேண்டாமென்றால் அக்ரிலிக் வண்ணத்தில் முகம் வரைந்தாலும் குறையொன்றுமில்லை, அந்தக் காய் பல வாரம் நிற்கும்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வந்தவர்களுக்கு இவற்றைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பஞ்சுபோல் இழுத்து விரிக்கும் மலிவான செயற்கைச் சிலந்தி வலையை வெளியே செடிகளில் போடாதீர்கள். சிறு பறவைகளும் வௌவால்களும் அதில் சிக்கிக்கொள்கின்றன. பருத்திக் கயிற்றால் அகலமான கண்களோடு வாசலில் கட்டும் வலை அந்தத் தீங்கைச் செய்யாது, தெருவிலிருந்து இன்னும் தெளிவாகவும் தெரியும். அடுத்து, கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு மரத்தில் தொங்கும் உருவம் எதையும் வைக்க வேண்டாம். இந்த நாட்டில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்ற வரலாறு இருக்கிறது. அந்தக் காட்சி அண்டை வீட்டாரில் சிலருக்கு விளையாட்டுப் பயமாக இருக்காது. கல்லறைப் பலகை செய்ய விரும்பினால் தெர்மாகோல் பலகைக்கு நீர் கலந்த வண்ணமே பூச வேண்டும், சாதாரண ஸ்ப்ரே பெயின்டில் உள்ள கரைப்பான் அதை அரித்துக் குழியாக்கிவிடும். வாடகை வீட்டில் சிறிய புல்வெளிக்கு அட்டையே போதும் என்பதால் இதை நான் வற்புறுத்தவில்லை.

நெருப்பைப் பற்றிச் சந்தேகத்துக்கே இடமில்லை. க்ரேப் காகிதமும் உலர்ந்த சோளத்தட்டையும் காய்ந்த பூக்களும் மிக விரைவில் பற்றிக்கொள்பவை என்று தேசியத் தீத்தடுப்புச் சங்கம் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. நாம் இங்கே செய்யும் பொருள்களும் காகிதமும் துணியும்தான், வாசலுக்கு வரும் குழந்தைகளின் உடைகளோ தரையில் புரளும். எனவே எங்கும் மெழுகுவத்தி வேண்டாம், பரங்கிக்காய்க்குள்ளும்கூட. மின்கலத்தில் எரியும் எல்.இ.டி சிறுவிளக்குகள் ஒரு பொட்டலமே உங்கள் தேவைக்கு மேல் இருக்கும். அவற்றிலும் ஒரு கவனம் தேவை: உள்ளே இருப்பது பொத்தான் மின்கலம், குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். 2022இல் இயற்றப்பட்ட ரீஸ் சட்டம் இத்தகைய மின்கலம் உள்ள நுகர்பொருள்களில் அந்த அறையைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி அமைக்க வேண்டும் என்கிறது. ஆனாலும் வீட்டில் பழைய விளக்குகள் இருந்தால் மூடி திருகாணியால் மூடியிருக்கிறதா என்று பார்த்தே பயன்படுத்துங்கள். வாசற்படிகளிலும் வெளியேறும் வழியிலும் எதையும் வைக்காதீர்கள்.

என் அனுபவம் வடகிழக்கு மாநிலங்களின் குளிருக்குள் அடங்கியது. ஃபுளோரிடாவிலோ டெக்சஸிலோ இருப்பவர் இதைப் படித்தால், செதுக்கிய காயின் ஆயுளாக நான் சொன்ன நாள்களைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது. குடியிருப்பு வளாகங்களின் விதிகளும் இடத்துக்கு இடம் மாறும்: பால்கனியில் எதையும் தொங்கவிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம், அதை நீங்கள்தான் படித்துப் பார்க்க வேண்டும். சுவரில் ஒட்டுவதற்குப் பெயின்டர்கள் பயன்படுத்தும் நீல டேப் பொதுவாக வண்ணத்தை உரிக்காது. பழைய அல்லது அவசரத்தில் பூசிய சுவரில் அதற்கும் உத்தரவாதமில்லை என்பதால், கதவுக்குப் பின்னால் ஒரு துண்டை ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள்.

கேட்கப்படாத ஒன்றையும் சேர்க்கிறேன். சிறிய பரங்கிக்காய் ஒன்றை நீலப்பச்சை வண்ணத்தில் பூசி வாசலில் வைத்தால், உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு இங்கே மிட்டாய் அல்லாத சிறு பரிசும் உண்டு என்பது பொருள். டென்னசியில் உள்ளூர் முயற்சியாகத் தொடங்கிய இந்த வழக்கம் 2014 முதல் நாடு முழுவதும் பரவியிருக்கிறது. பென்சில், ஸ்டிக்கர் போன்ற சில்லறைப் பொருள்கள் போதும், மிட்டாயைவிடச் செலவும் குறைவு. வாசல் விளக்கு எரிந்தால்தான் குழந்தைகள் கதவைத் தட்டுவார்கள். சன்னல் காட்சி எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று அதை அணைத்துவிட்டால், இந்த வீட்டில் யாரும் இல்லை என்று தாண்டிப் போய்விடுவார்கள். அங்கே மங்கலான ஆரஞ்சு எல்.இ.டி பல்பு ஒன்றை மாட்டுங்கள்.

நவம்பர் முதல் தேதி அட்டை உருவங்களைத் தட்டையாக அடுக்கிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். கஞ்சிப் பேயை வெந்நீரில் ஊறவைத்தால் கஞ்சி கரைந்து துணி மறுபடி துணியாகிவிடும். வெள்ளைப் பசையில் செய்தது அப்படி முழுவதும் விடாது. வண்ணம் பூசாத பரங்கிக்காயை உள்ளூர் உரக்குழிச் சேகரிப்பில் கொடுக்கலாம். பல நகரங்கள் நவம்பரில் அதற்கென்று இடம் ஒதுக்குகின்றன, உங்கள் நகராட்சியின் இணையதளத்தில் தேதி இருக்கும்.